பங்குனியில் ஒட்டடை அடிக்காதீர்கள்: வீட்டுத் தோட்டத்தில் கூடு கட்டும் பறவைகளைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் மாசி முடியும் சமயத்தில் எங்கள் வீட்டு வாசலில், அழைப்புமணிக்குப் போகும் ஒயரில் ஒரு குப்பை தொங்கியது. காய்ந்த இலைத் துணுக்கு, மரப்பட்டைச் செதில், புழு எச்சம், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தபடி சிலந்தி நூல். ஒட்டடை என்று நினைத்துக் கம்பை எடுத்துவிட்டேன். ஓங்கும் நேரத்தில் காதுக்குப் பக்கமாக விர்ரென்று ஒன்று பறந்துபோய் எதிர்ச் செம்பருத்தியில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மஞ்சள் வயிறு, வளைந்த மூக்கு. பெண் தேன்சிட்டு. கம்பை மெதுவாகச் சுவரில் சாய்த்தேன். அடுத்த ஆறு வாரம் எங்கள் வீட்டில் மணி அடிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் கேட்டைத் தட்டினார்கள்.

பறவை பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு சென்ட் கொல்லை போதும். மாடியில் நாலு தொட்டி இருந்தாலும் ஓரளவுக்கு நடக்கும். ஆனால் கூட்டைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. நான் சில தவறுகள் செய்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் காலத்தைப் பிடியுங்கள்

பஞ்சாங்கத்தில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். தோட்டத்தின் கணக்கில் அது மாசியிலேயே தொடங்கிவிடும். வேம்பு இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். புங்க மரம் ஒரே வாரத்தில் மொட்டையிலிருந்து பளபளவென்று பச்சையாகிவிடும். கல்யாண முருங்கை இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். இந்தக் கொழுந்துதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கொழுந்து வந்தால் அதைத் தின்னப் புழு வரும். புழு வந்தால் குஞ்சுக்குத் தீனி இருக்கிறது என்று பறவைக்குத் தெரியும்.

இன்னொரு அறிகுறி குயில். குயில் கூவினால் வசந்தம் என்று சொல்வோம். உண்மையில் அது காகத்தின் கூட்டுக்குக் காத்திருக்கிறது. காகம் சுள்ளி பொறுக்கத் தொடங்கும்போது கறுப்பு ஆண் குயில் விடியற்காலையிலிருந்து கூவும். உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெண் குயில் 'கிக் கிக் கிக்' என்று கத்திக்கொண்டு இலைக்குள் ஒளியும். ஆண் குயில் காகத்தைச் சீண்டித் துரத்தவைக்கும். அந்த இடைவெளியில் பெண் உள்ளே போய் முட்டையிட்டுவிட்டு வந்துவிடும். உங்கள் தெருவில் ஒரு காகக் கூடு இருந்தால் இந்த நாடகத்தை மாடியில் நின்றே பார்க்கலாம்.

எல்லாப் பறவையும் இப்போதே கட்டாது. தூக்கணாங்குருவி மழைக்காகக் காத்திருக்கும், பின்னுவதற்குப் பச்சைப் புல் வேண்டுமே. தேன்சிட்டும் தவிட்டுக்குருவியும் வருடத்தில் பல மாதங்கள் கட்டும். தையல்சிட்டு, கொண்டைக்குருவி (சின்னான் என்றும் சொல்வார்கள்), குண்டுக்கரிச்சான், செம்மார்புக் குக்குறுவான் இவற்றைப் பார்க்க மாசி முதல் வைகாசி வரை நல்ல காலம்.

2. துடைப்பத்தையும் கத்தரியையும் உள்ளே வையுங்கள்

பறவைக்காக நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிய தோட்டத்தில் கூடு கட்டச் சாமான் கிடைக்காது.

சிலந்தி நூலைப் பாருங்கள். தேன்சிட்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி, மாம்பழச்சிட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் பசை, அதுதான் கயிறு. இழுத்தால் நீளும், குஞ்சு வளர வளரக் கூடும் கொஞ்சம் விரிந்துகொடுக்கும். நாமோ சரியாகப் பங்குனியில், சித்திரை வருடப் பிறப்புக்காக வீடு முழுக்க ஒட்டடை அடிப்போம். வீட்டுக்குள் தாராளமாக அடியுங்கள். வெளிச்சுவர், மதில், கிணற்றடி, மாட்டுக்கொட்டகை இவற்றை ஆனி வரை விட்டுவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். எங்கள் வீட்டில் இன்னும் முணுமுணுக்கிறார்கள்.

தென்னை நார், காய்ந்த புல், வாழைச் சருகு ஆகியவற்றை ஒரு மூலையில் குவித்து வைக்கலாம். எருக்கங்காயும் இலவங்காயும் வெடிக்கும் காலம் இது. அந்தப் பஞ்சு கூட்டின் உள்மெத்தைக்குப் போகும். ஆனால் நைலான் நூல், பிளாஸ்டிக் சரடு, தலைமுடி எதையும் வைக்காதீர்கள். குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் அது கூட்டோடு மாட்டிக்கொள்ளும்.

முருங்கையில் ஒரு கிளை பட்டுப்போயிருந்தால், யார் தலையிலும் விழாது என்றால், விட்டுவையுங்கள். 'டொக் டொக் டொக்' என்று பாத்திரம் தட்டுவதுபோல் நாளெல்லாம் ஒலிக்குமே, அந்தக் குக்குறுவான் பட்ட கிளையின் அடிப்பக்கத்தில்தான் பொந்து குடையும்.

3. செடி நடுவது

அவசரமில்லை. இந்த வருடம் நட்டால் அடுத்த வருடம் பலன்.

தேனுக்கு: செம்பருத்தி, இட்லிப்பூ, வாழை, முருங்கை. வாழைப்பூ மடல் விரியும் காலையில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக் குடிப்பதைப் பார்க்கலாம். பழத்துக்கு: கறிவேப்பிலை. அதைக் கொத்துக்கொத்தாகப் பழுக்க விட்டால் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். மறைவுக்கு: எலுமிச்சை, மருதாணி, அடர்ந்த முல்லைக் கொடி. முள் இருந்தால் பூனை யோசிக்கும். தையலுக்கு: நல்ல அகலமான, வளையக்கூடிய இலை. எங்கள் கொல்லையில் தையல்சிட்டு தேர்ந்தெடுத்தது கத்தரிச் செடியை. இடுப்பளவுகூட உயரமில்லாத செடி.

மருந்து அடிக்காதீர்கள். இதில் நான் கண்டிப்பு. நெல் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழு பூச்சியைத்தான் கொடுக்கும். தேன் குடிக்கும் தேன்சிட்டும் அப்படியே, குஞ்சுக்குச் சிலந்தி பிடித்துவரும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பச்சைப் புழு இலையைக் கடித்தால் கடிக்கட்டும். தப்பியது பட்டாம்பூச்சி ஆகும், தப்பாதது குஞ்சின் வயிற்றுக்குப் போகும்.

4. தண்ணீரும் சோறும்

அகலமான மண் தட்டு, இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல் வையுங்கள், குட்டிப் பறவைக்கு நிற்க இடம். நிழலில், ஆனால் புதருக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்காதீர்கள். அங்கே பூனை பதுங்கும். ஆறேழு அடி தள்ளி, முடிந்தால் ஒரு மேடைமேல். தினமும் பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்றினால் கொசு வளராது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

சோறு விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். காகத்துக்குச் சோறு வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். அதைக் கொல்லைப்புறக் கட்டையில் வைப்போம். அதற்கு ஐந்தடியில் எலுமிச்சை, அதில் கொண்டைக்குருவிக் கூடு. தினமும் வந்து உட்கார்ந்த காகம், மூன்றாவது நாள் கொண்டைக்குருவி எங்கே போய் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டது. மாலைக்குள் கூடு காலி. காகத்தின்மேல் கோபப்பட ஒன்றுமில்லை, அழைத்தது நான்தானே. இப்போது முன்னோருக்கான சோறு மொட்டைமாடியின் மறுகோடியில் வைக்கப்படுகிறது.

5. கூட்டைத் தேடாதீர்கள், பறவையின் வாயைப் பாருங்கள்

கிளையை விலக்கி விலக்கிக் கூடு தேடுவது மோசமான பழக்கம். நீங்கள் விலக்கிய வழியாகவே அணிலும் செண்பகமும் (செம்போத்துப் பறவை) வரும். அதற்குப் பதில் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். பறவை வாயில் என்ன கொண்டுபோகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

நார், பஞ்சு, சிலந்தி நூல் என்றால் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. புழுவைத் தின்னாமல் வாயில் வைத்துக்கொண்டே போனால் குஞ்சு பொரித்துவிட்டது. வெள்ளையாக ஒரு சின்ன உருண்டையை வெளியே எடுத்துக்கொண்டு போனால், அது குஞ்சின் எச்சம்; பை மாதிரித் தோலோடு வரும், தாய் அதைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடும். கூட்டுக்குப் பக்கத்தில் எச்சம் கிடந்தால் எதிரிக்குத் துப்பு கிடைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒன்றுமே கொண்டுபோகாமல் ஒரே இடத்துக்குள் நுழைந்து நெடுநேரம் வராவிட்டால் அடைகாக்கிறது.

இந்த நாலையும் பிரித்தறிந்துவிட்டால் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை.

6. யாருடைய கூடு?

கொண்டைக்குருவியுடையது புதருக்குள் சின்னக் கிண்ணம். சுள்ளி, வேர், அதைச் சுற்றிச் சிலந்தி நூல். புள்ளிப்புறாவின் கூடு கூடென்றே சொல்லமுடியாது. பத்துப் பதினைந்து குச்சியைக் குறுக்கும் நெடுக்கும் போட்டுவிட்டு அதன்மேல் இரண்டு வெள்ளை முட்டை. கீழிருந்து பார்த்தால் முட்டையே தெரியும். எப்படித்தான் இந்த இனம் இவ்வளவு பெருகியதோ! குண்டுக்கரிச்சான் மரப்பொந்து, சுவர் ஓட்டை, பழைய குழாய் என்று எங்கும் புகும். அதன் ஆண் விடிவதற்கு முன்பே பாடத் தொடங்கிவிடும். வீட்டைச் சுற்றி வரும் பறவைகளில் இதைப்போலப் பாடுவது வேறில்லை என்பது என் கட்சி.

தையல்சிட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். தைப்பது பெண். இலையின் ஓரத்தில் மூக்கால் சின்னச் சின்னத் துளை போடும். இலை நரம்பு கிழியாதபடி அளவாகப் போடும். பிறகு பஞ்சிழையையோ சிலந்தி நூலையோ துளைக்குள் திணித்து மறுபக்கம் இழுக்கும். முடிச்சுப் போடாது. வெளியே வந்த பஞ்சு நுனி பிரிந்து உப்பிக்கொள்வதால் திரும்ப நழுவாது. தையல்காரர் மொழியில் சொன்னால் ஒவ்வொன்றும் தனித்தனிக் குத்து, ஓடும் தையல் இல்லை. இலை செடியிலேயே இருப்பதால் பச்சையாகவே இருக்கும்; அந்தப் பச்சைப் பைக்குள்தான் உண்மையான கூடு, பஞ்சு மெத்தையோடு. எங்கள் கத்தரிச் செடியில் தினமும் காய் பறித்தவர்களுக்குக்கூட நாலு நாள் தெரியவில்லை.

அந்தத் தொங்கும் குப்பை, அதாவது தேன்சிட்டின் கூடு, பேரிக்காய் வடிவம். பக்கவாட்டில் வாசல், அதற்குமேல் சின்னத் தாழ்வாரம் மாதிரி ஒரு கூரை. பெண் ஒருத்தியாகவே பெரும்பாலும் கட்டுவாள். ஊதாவும் மெரூனும் மின்ன வரும் ஆண் அப்போதெல்லாம் பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து கத்துவதோடு சரி. குஞ்சு வந்தபின் ஊட்டுவதற்கு வருவான்.

7. எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது

கூட்டிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி உட்காருங்கள். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று இருந்தால் வீட்டுக்குள் ஜன்னலோரமாகவே இருக்கலாம், அதுதான் உத்தமம். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், கிட்டத்தட்ட அதே நிறச் சட்டை. இரண்டு மூன்று நாளில் உங்களைத் தூண் என்று எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்பதைப் பறவையே சொல்லும். வாயில் புழுவோடு வந்து, கூட்டுக்குள் போகாமல் கிளை மாறி மாறித் தாவிக் கத்திக்கொண்டிருந்தால், எழுந்து பின்னால் போங்கள். போட்டோ எடுக்க வேண்டுமென்று இலையை வெட்டாதீர்கள், பிளாஷ் போடாதீர்கள். என் முதல் தவறே அதுதான். செம்பருத்தியில் இருந்த ஒரு கூட்டைத் தெளிவாகப் படமெடுக்க மறைத்த ஒரே ஒரு கிளையை வெட்டினேன். மறுநாள் உச்சிவெயில் நேராகக் கூட்டில் விழுந்தது. தாய் இரண்டு நாள் வந்தது. பிறகு வரவில்லை. படம் இருக்கிறது, இன்னும் யாருக்கும் காட்டியதில்லை.

இரவில் வாசல் விளக்கைக் கூட்டின்மேல் படாமல் திருப்பிவிடுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். கஷ்டமாக இருந்தால் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியை நினைத்துக்கொள்ளுங்கள். 2020இல் அங்கே தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. குஞ்சு பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, அந்த ஊர்க்காரர்கள் தெருவிளக்கே போடாமல் இருந்தார்கள். நமக்கு ஒரு குண்டு பல்புதான்.

8. ஒரு நோட்டும் பென்சிலும்

நாள் கணக்கு வைத்துக்கொண்டால் பார்ப்பதில் ருசி கூடும். முதல் நார் வந்த நாள், அடைகாக்க உட்கார்ந்த நாள், முதல் புழு, பறந்த நாள். இவ்வளவு போதும்.

சுமாராக இப்படி இருக்கும். தேன்சிட்டு இரண்டு முட்டை, இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் அடைகாக்கும், குஞ்சு பறக்க இன்னொரு இரண்டரை வாரம். தையல்சிட்டு பெரும்பாலும் மூன்று முட்டை. அடை 12 நாள், குஞ்சு பறக்க 14 நாள். கொண்டைக்குருவி இரண்டு மூன்று முட்டை, இரண்டு வாரம் அடை, அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்குள் குஞ்சு வெளியே வந்துவிடும்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். முட்டை இருக்கிறது, தாயைக் காணோம், கைவிட்டுவிட்டது என்று நினைத்துக் கூட்டை எடுத்துவிடுவார்கள். பல சிறு பறவைகள் தினம் ஒன்றாக முட்டையிட்டு, கடைசி முட்டை வந்தபிறகுதான் ஒழுங்காக அடையில் உட்காரும். அதுவரை முட்டை குளிர்ந்து கிடந்தாலும் கெட்டுப்போகாது. பொறுங்கள். அதோடு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் குலைப்பதும் அடங்கும்.

9. சிக்கல் வந்தால்

குஞ்சு கீழே கிடக்கிறது. முதலில் இறகு இருக்கிறதா என்று பாருங்கள். இறகே இல்லாமல், கண் திறக்காமல் இருந்தால் கூட்டில் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு; பிள்ளை வாய் திறந்து கத்தினால் தாய் ஊட்டும். இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போனால் அது விழுந்ததில்லை, கிளம்பியது. பறக்கப் பழகும் முதல் சில நாட்கள் தரையில்தான் கழியும். ஒரு தாழ்ந்த கிளையில் ஏற்றிவிட்டு, பூனையை வீட்டுக்குள் அடைத்துவிட்டு, நீங்கள் தள்ளிப் போங்கள். பால், சோறு எதையும் வாயில் திணிக்காதீர்கள். தண்ணீர் சொட்டு விடுவதும் ஆபத்து, மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். காயம் இருந்தால் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கொண்டுபோகலாம்.

காற்றில் கூடு அறுந்து விழுந்தால், தேங்காய்ச் சிரட்டையிலோ சின்னக் கூடையிலோ கூட்டை வைத்து அதே இடத்தில் கட்டிவிடுங்கள். அடியில் ஓட்டை வேண்டும், கோடைமழை பெய்தால் தண்ணீர் தேங்கக்கூடாது. நகர்த்தினாலும் ஓரிரு அடிதான்.

ஸ்கூட்டர் கண்ணாடியைத் தேன்சிட்டோ கொண்டைக்குருவியோ கொத்திக்கொண்டே இருந்தால், தன் பிம்பத்தை இன்னொரு ஆள் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. பழைய சாக்ஸைக் கண்ணாடியில் மாட்டிவிடுங்கள், சண்டை முடிந்தது.

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைக்க ஆசையென்றால், வாசல் துளை 32 மில்லிமீட்டர் போதும். பெரிதாக்கினால் மைனா புகும். எட்டுப் பத்தடி உயரம், மேற்கு வெயில் படாத சுவர். மின்விசிறி சுற்றும் அறைக்குள் வேண்டாம்.

கொம்பேறி மூக்கன் வந்தால்? வந்தால் வந்ததுதான். விஷமில்லாத பாம்பு, அதுவும் சாப்பிட வேண்டும். திறந்த கூடுகளில் நிறையத் தோற்றுப்போகும். அதை அறிந்துகொண்டுதான் பார்க்க உட்காரவேண்டும். கொண்டைக்குருவி முட்டையை இழந்த இரண்டு வாரத்தில் மறுபடி நாரோடு வந்தது, இந்தமுறை முல்லைக் கொடிக்குள்.

10. கூடு காலியான பிறகு

உடனே எடுக்காதீர்கள். சில பறவைகள் அதே இடத்தில் இன்னொரு ஈடு வைக்கும். வாசல் தேன்சிட்டு சித்திரை இரண்டாம் வாரம் இரண்டு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு போனது. கூட்டை அப்படியே விட்டோம். அப்புறம் ஆடிக் காற்றில் அதுவாகவே பிய்ந்து விழுந்தது. அடியில் தையல் மிஷினின் நீல நூல் கொஞ்சம், பஸ் டிக்கெட்டின் கிழிந்த மூலை ஒன்று, எருக்கம் பஞ்சு ஒரு கைப்பிடி.

செடியைக் கவாத்து செய்வதை நான் இப்போது ஆடிக்குத் தள்ளிவிட்டேன். அப்போதும் நேரே கத்தரியோடு போவதில்லை. முதலில் நாற்காலியைப் போட்டு அரைமணி நேரம் உட்கார்கிறேன். போன ஆடியில் அப்படி உட்கார்ந்தபோது, வெட்டலாம் என்றிருந்த அதே எலுமிச்சைக்குள் ஒரு புள்ளிப்புறா குச்சியோடு போனது. கத்தரியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டேன்.